கச்சேரிக்குத் தூக்கிச் செல்லக்கூடிய பேஸ் ஆம்ப், பெடல்கள்: எதை முதலில் வாங்குவது?

காவிரிக்கரை (திருச்சி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பதினோரு ஆண்டுகளாக ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசித்து வருகிறேன். எங்கள் கச்சேரிகள் பெரும்பாலும் புதுக்கோட்டை, பெரம்பலூர், கரூர்ப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களிலும், திருச்சியில் உள்ள கல்யாண மண்டபங்களிலும் நடைபெறுகின்றன. அண்மைக் காலமாக வரவேற்பு நிகழ்ச்சிகளுக்கு முழுக் குழுவையும் அழைக்காமல், பாடகர் இருவர், கீபோர்டு, ரிதம் பேட், பேஸ் என்று ஐந்து பேரை மட்டும் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஐந்து பேருக்கு வேன் வைத்தால் கட்டுப்படியாகாது என்பதால், அவரவர் கருவியை அவரவரே கொண்டுவர வேண்டும் என்பது இப்போது எங்கள் குழுவின் வழக்கமாகிவிட்டது. எனக்கு வண்டி என்றால் ஸ்கூட்டர்தான். வெளியூர் என்றால் பஸ்.

என்னிடம் இருப்பது 15 அங்குல ஸ்பீக்கர் பொருத்திய பழைய காம்போ ஆம்ப். பழைய பேப்பர் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தபோது 31 கிலோ காட்டியது. சென்ற மாதம் ஒரு மண்டபத்தில் நிகழ்ச்சி இரண்டாம் மாடியில் இருந்தது. லிஃப்டைச் சமையல் பாத்திரங்களுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். ஆம்பைப் படியில் தூக்கிச் சென்று வைத்துவிட்டு உடனே வாசிக்க உட்கார்ந்தபோது, முதல் பாட்டு முழுவதும் இடது கை விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அன்றைக்கே இந்த ஆம்பை விற்றுவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

என் கையிருப்பு 45,000 ரூபாய். பன்னிரண்டு கிலோவுக்கு மேற்படாத ஆம்ப் ஒன்றும், எண்பதுகளின் பாடல்களுக்குத் தேவையான கம்ப்ரஸர் (பலத்த அடியையும் மெல்லிய அடியையும் சமப்படுத்துவது), கோரஸ் (பல கருவிகள் சேர்ந்து ஒலிப்பது போல் காட்டுவது), ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி கீழுள்ள சுரத்தைச் சேர்ப்பது) பெடல்களும் இந்தத் தொகைக்குள் வாங்க முடியுமா? தனித்தனிப் பெடல்களாக வாங்குவதா, எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிய மல்டி-எஃபெக்ட்ஸ் வாங்கிவிடுவதா? இன்னொரு தொல்லையும் இருக்கிறது. ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடைகளில் என் பேஸிலிருந்து விடாமல் ஒரு 'ம்ம்ம்' ஓசை வருகிறது. என்னுடையது ஜாஸ் பேஸ் வகை, நான்கு தந்தி, பேட்டரி இல்லாத பாஸிவ் கருவி. புது ஆம்ப் வாங்கினால் இந்த ஓசை போய்விடுமா?


பழைய தந்தி (சென்னை) பதில்:

தம்பி, நீங்கள் ஆம்பை முதலிலும் அந்த 'ம்ம்ம்' ஓசையைக் கடைசியிலும் கேட்டிருக்கிறீர்கள். நானாக இருந்தால் இரண்டுக்கும் நடுவில் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றை, அதாவது டி.ஐ. (கருவியின் ஒலியை நேரே மிக்ஸருக்கு அனுப்பும்) வசதியுள்ள நல்ல ப்ரீஆம்ப் (ஆம்புக்கு முன்பே ஒலியைப் பலப்படுத்திச் செப்பனிடும் பெட்டி) ஒன்றை, முதலில் வாங்குவேன்.

திறந்தவெளித் திருவிழாவில் ஊராருக்குக் கேட்பது மேடையின் இருபுறமும் அடுக்கியிருக்கும் சவுண்ட் சர்வீஸ்காரரின் பெட்டிகளே தவிர உங்கள் ஆம்ப் அல்ல. உங்கள் ஆம்ப் ஒலிப்பது உங்களுக்காகவும், பக்கத்தில் ரிதம் வாசிப்பவருக்காகவும் மட்டும்தான். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் எடையைப் பற்றிய கவலையில் பாதி தீர்ந்துவிடும். பேஸ் ஆம்ப் என்றால் ஆளுயரம் இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். 1969-இல் ஆம்பெக் நிறுவனம் எஸ்.வி.டி. என்ற 300 வாட் வால்வு ஆம்பை, பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டைக் கொண்ட பெட்டியுடன் வெளியிட்டது. அந்தக் காலத்து மேடைகளில் பொது ஒலிபெருக்கி பெரும்பாலும் பாடகரின் குரலுக்கு மட்டுமே இருந்ததால், பேஸ்காரர் தன் ஆம்பைக் கொண்டே அரங்கை நிரப்ப வேண்டியிருந்தது. இன்று நமக்கு அந்த வேலை இல்லை. ஆனால் அந்தப் படம் மட்டும் கண்ணிலிருந்து போகவில்லை.

வாட் கணக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைக்காரர் அதைத்தான் முதலில் சொல்வார். 100 வாட்டை 200 ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. மேடையில் அது காதுக்குச் சற்றே தெரியும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமென்றால் ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் வேண்டும். அதைவிட ஸ்பீக்கரின் சென்ஸிடிவிட்டி, அதாவது ஒரே வாட்டுக்கு அது எவ்வளவு சத்தம் கொடுக்கிறது என்பது, முக்கியமானது. 97 டெசிபெல் என்று குறித்த ஸ்பீக்கர், 91 டெசிபெல் ஸ்பீக்கர் நான்கு மடங்கு வாட்டில் கொடுக்கும் சத்தத்தைக் கொடுத்துவிடும். ஸ்பீக்கர் இல்லாத தனி ஹெட் வாங்குபவர்கள் ஓம் கணக்கையும் (ஸ்பீக்கரின் மின்தடை) பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மார்க்பேஸ் லிட்டில் மார்க் 3-இன் 500 வாட் என்பது 4 ஓம் சுமைக்கான அளவு; 8 ஓம் கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) ஒன்றை மட்டும் இணைத்தால் கிடைப்பது 300 வாட்.

சிறிய பெட்டி, ஆழமான தாழ்சுரம், குறைந்த வாட்டில் அதிகச் சத்தம் ஆகிய மூன்றில் எந்த இரண்டையும் பெறலாம், மூன்றையும் சேர்த்துப் பெற முடியாது என்பது ஸ்பீக்கர் செய்பவர்களிடையே ஹாஃப்மனின் இரும்பு விதி என்று வழங்குகிறது. ஆகவே பத்துக் கிலோ ஆம்பில் எதையோ விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். நான் ஆழத்தை விட்டுக்கொடுப்பேன். உங்கள் திறந்த ஈ தந்தியின் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ். சிறிய ஆம்ப் எதுவும் அதை உள்ளபடி வெளியிடுவதில்லை. இருந்தாலும் 82, 123 ஹெர்ட்ஸில் உள்ள அதன் மேல்சுரங்கள் காதில் விழுந்தால் நம் மூளை அடிச்சுரத்தைத் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. எண்பதுகளில் இளையராஜா எழுதிய பேஸ் வரிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: அவற்றில் பல, பாட்டின் மெட்டோடு சேர்ந்து நடக்கும் இன்னொரு மெட்டு. அங்கே சுரம் தெளிவாகக் கேட்பதுதான் முக்கியம், நெஞ்சு அதிர்வதல்ல.

எடையைப் பொறுத்தவரை, ஃபெண்டர் ரம்பிள் 40 என்பது பத்து அங்குல ஸ்பீக்கருடன் சுமார் 8 கிலோ. ரம்பிள் 100 பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கருடன் சுமார் 10 கிலோ. இரண்டிலும் மிக்ஸருக்கு அனுப்பும் கேனன் (மூன்று பின் எக்ஸ்.எல்.ஆர்.) அவுட் இருக்கிறது. உங்கள் ஐந்து பேர் குழுவில் தோல் ட்ரம்ஸ் இல்லை. பேடின் ஒலியும் மானிட்டரிலிருந்துதான் வருகிறது. அதனால் 40-உம் போதும் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனாலும் முழுக் குழுவோடும் வாசிக்கப் போகிறவர் என்பதால் 100-ஐப் பாருங்கள். இரண்டு கிலோ வித்தியாசம் ஸ்கூட்டரின் காலடியில் வைக்கும்போது தெரியாது.

ப்ரீஆம்ப் டி.ஐ.யில் டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் 1990-களிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. அதில் 'பிளெண்ட்' என்ற குமிழ் ஒன்று உண்டு. பேஸின் இயல்பான ஒலியையும் கொஞ்சம் கரகரப்பூட்டிய ஒலியையும் எந்த அளவில் கலப்பது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. முழுக்கக் கரகரப்புப் பக்கம் திருப்பினால் நடு ஒலி குழிந்துபோய், வீட்டில் இனிமையாகவும் மேடையில் காணாமலும் போய்விடும். நான் பாதிக்குக் கீழேயே வைத்திருக்கிறேன். உங்கள் தொகையில் இது இடிக்கும் என்றால் பெஹ்ரிங்கர் பி.டி.ஐ.21 இதே வேலையை எளிய விலையில் செய்யும்; பெட்டி பிளாஸ்டிக் என்பதால் மிதித்து மிதித்து உடைக்காமல் எப்போதும் ஓடவிட்டுவிடுங்கள்.


மிக்ஸர் மேசை (மதுரை) பதில்:

நான் பேஸ் வாசிப்பவன் அல்லன். சவுண்ட் சர்வீஸ் நடத்துபவன். மேலே பெரியவர் எழுதியதை மிக்ஸருக்குப் பின்னால் நிற்பவனாக ஆமோதிக்கிறேன். அத்துடன், அந்த 'ம்ம்ம்' ஓசையைப் பற்றி மட்டும் விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் அது வெறும் ஓசையைப் பற்றிய பேச்சு அல்ல.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். உங்கள் ஈ தந்தியில் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். அதாவது, மின்சார ஓசை ஏறத்தாழ உங்கள் ஜி சுரத்தையே, ஆனால் 35 சென்ட் (அரைச்சுரம் என்பது 100 சென்ட்) அளவுக்குச் சுருதி ஏறிய நிலையில், கச்சேரி முழுவதும் வாசித்துக்கொண்டிருக்கிறது. சப்வூஃபர் அடுக்கிய மேடையில் அது எவ்வளவு கெடுக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஈக்வலைஸரில் அதை வெட்டப் போனால் உங்கள் ஜி சுரமும் சேர்ந்து போய்விடும். ஆகவே அது உண்டாகும் இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

முதலில் உங்கள் கருவியைப் பாருங்கள். ஜாஸ் பேஸில் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புகள் இரண்டும் ஒற்றைச் சுருள் கொண்டவை. இரண்டின் வால்யூமையும் ஒரே அளவில் வைத்தால் ஒன்றின் ஓசையை மற்றொன்று அடித்துவிடும், ஒன்றைக் குறைத்த உடனே ஓசை தலைதூக்கும். சீரியல் லைட் டிம்மர், ஜெனரேட்டர் வயர், ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றின் பக்கத்தில் நிற்கும்போது இது அதிகமாகும். நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் ஓசை குறைந்தால் அது பிக்கப் வாங்கும் ஓசை; புது ஆம்ப் வாங்கினாலும் போகாது.

திரும்பினாலும் குறையாமல், மிக்ஸருக்கு ஒயர் கொடுத்த பிறகுதான் ஓசை வருகிறது என்றால் அது கிரவுண்ட் லூப். உங்கள் ஆம்ப் மேடையில் ஒரு பிளக்கிலும், என் மிக்ஸர் மைதானத்தின் அந்தக் கோடியில் இன்னொரு பிளக்கிலும் எர்த்தாகி, ஒயர் வழியாக அவை இரண்டும் மீண்டும் இணைவதால் வருவது. டி.ஐ. பெட்டியில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்ற சுவிட்ச் இருக்கும். அதைத் தள்ளினால் ஒலி ஒயரில் உள்ள எர்த் தொடர்பு மட்டும் விடுபடும். பெரும்பாலும் அந்த நொடியே ஓசை அடங்கிவிடும்.

ஆனால் பல மேடைகளில் நம்மவர்கள் செய்வது வேறு. மூன்று பின் பிளக்கில் மேலே உள்ள பெரிய பின்னைக் கழற்றிவிட்டோ, இரண்டு வயரை மட்டும் சொருகியோ 'ஓசை போச்சு' என்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவிழா மேடையில் அப்படி எர்த்தை எடுத்துவிட்ட ஆம்பில் கிடாரை மாட்டிக்கொண்டு, கோரஸ் பாட மைக்கின் அருகில் வாயைக் கொண்டுபோன ஒருவர் உதடு சுட்டுப் பின்னால் சாய்ந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நல்ல வேளையாகத் தந்தியிலிருந்து கை தெறித்து விலகிவிட்டது. தந்தியைத் தொட்டால் ஓசை குறைவது இயல்பு. தந்தியும் மைக்கும் சேரும்போது சுருக்கென்று இழுத்தால், அந்த நிமிடமே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி தரையில் இறக்கியிருக்கிறதா, 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் தானே அணையும் சுவிட்ச்) போட்டிருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஐம்பது ரூபாய்க்கு விற்கும் ஒரு டெஸ்டரைப் பையில் வைத்திருங்கள்.

பெடலைப் பற்றி எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். எந்தப் பெடலை மிதித்தாலும் வால்யூம் அப்படியே இருக்க வேண்டும். சவுண்ட் செக்கில் ஒரு அளவைக் காட்டிவிட்டு, மூன்றாம் பாட்டில் ஆக்டேவை மிதித்து அதை இரு மடங்காக்கினால், நான் ஃபேடரை இறக்கிவிடுவேன். பிறகு நீங்கள் ஆக்டேவை அணைத்ததும் பேஸே இருக்காது. அதற்கும் மிக்ஸர்காரனைத்தான் திட்டுவார்கள்.


ஐந்தாம் தந்தி (கோயம்புத்தூர்) பதில்:

நான் இரண்டு பேருடைய கருத்திலிருந்தும் சற்று விலகி நிற்கிறேன். பெரியவர் சொன்ன கணக்கு, மிக்ஸரில் பேஸுக்கென்று ஒரு லைனும் போதுமான சப்வூஃபரும் இருக்கும் மேடைக்குத்தான் பொருந்தும். நான் வாசிப்பது பெரும்பாலும் ஓட்டல் மொட்டைமாடி விருந்துகளிலும், நூறு பேர் கூடும் பிறந்தநாள் விழாக்களிலும்தான். அங்கே இரண்டு ஸ்டாண்டில் இரண்டு சிறிய பெட்டிகள் இருக்கும். பேஸை அதில் கொடுத்தால் பாடகியின் குரலே அமுங்கி அமுங்கி எழும் என்பதால் 'மேடம், நீங்க உங்க ஆம்பிலேயே பார்த்துக்கோங்க' என்றுதான் சொல்வார்கள். காவிரிக்கரை அண்ணா எழுதியிருக்கும் ஐந்து பேர் வரவேற்புக் கச்சேரியும் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே அந்த ஆம்ப்தான் அரங்கத்துக்கே பேஸ். ஆகையால் 40 வாட் போதும் என்ற யோசனையை முழுமையாகவே கைவிட்டுவிடுங்கள். பேட்டரியில் ஓடும் குட்டி ஆம்புகளைப் பார்த்தும் மயங்க வேண்டாம். ரோலண்ட் மைக்ரோ க்யூப் பேஸ் ஆர்.எக்ஸ். ஆறு பென்டார்ச் பேட்டரியில் ஓடும், நான்கு அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு உண்டு, வீட்டுப் பயிற்சிக்கு அருமை. ஆனால் அதன் மொத்த ஆற்றல் 5 வாட்தான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. உள்ளேயே ஆம்ப் கொண்ட பத்து அல்லது பன்னிரண்டு அங்குல பவர்டு ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி, ப்ரீஆம்ப் பெடலை நேரே அதில் கொடுப்பது. அதே பெட்டி வேறொரு நாள் பாடகருக்கு மானிட்டராகவும், வீட்டு விசேஷத்தில் ஸ்பீக்கராகவும் உழைக்கும். எடை மட்டும் உங்கள் வரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும்.

பெடல்களில் நான் மல்டி-எஃபெக்ட்ஸ் கட்சி. ஜூம் பி1 ஃபோர் என்பது ஒரு சிறிய டிபன் பாக்ஸ் அளவுதான். நான்கு பென்டார்ச் பேட்டரியில் ஓடும் என்பதால் மின்சார ஓசை, அடாப்டர், பிளக் பாயின்ட் தேடுதல் எல்லாவற்றிலிருந்தும் விடுதலை. ட்யூனர், கம்ப்ரஸர், கோரஸ், ஆக்டேவ் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. கேனன் அவுட் இல்லை என்பது மட்டும் குறை. மிக்ஸருக்குக் கொடுக்க ஒரு டி.ஐ. பெட்டி வேண்டும், அல்லது ரம்பிளின் பின்னால் இருக்கும் அவுட்டைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மிக்ஸர் மேசை ஐயா சொன்ன வால்யூம் விஷயம் மல்டி-எஃபெக்ட்ஸில்தான் அதிகம் நேரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஹெட்ஃபோனில் அமைத்த பேட்ச் (சேமித்துவைத்த ஒலியமைப்பு) எதையும் அப்படியே மேடைக்குக் கொண்டுபோகக் கூடாது. ஹெட்ஃபோனில் இனிக்கும் கோரஸ், மேடையில் தாழ்சுரத்தையும் சேர்த்து அலைக்கழித்து, கீபோர்டுக்கும் நமக்கும் சுருதி சேரவில்லை என்பது போன்ற மயக்கத்தை உண்டாக்கும். நான் கோரஸின் அளவைப் பாதிக்கு இறக்கி, தாழ் ஒலி அதற்குள் போகாதபடி வெட்டியிருக்கிறேன். ஆக்டேவை ஒரு நேரத்தில் ஒரு தந்திக்கு மட்டுமே பயன்படுத்துங்கள். இரண்டு சுரங்களைச் சேர்த்து மீட்டினால் அது எதைப் பின்தொடர்வது என்று தெரியாமல் தடுமாறும். ஈ தந்தியின் கீழ்ச்சுரங்களிலும் அதே தடுமாற்றம்தான். ஏ தந்தியின் நடுவிலிருந்து மேலே வாசியுங்கள், அழகாக இருக்கும்.


பழைய தந்தி (சென்னை) பதில்:

தங்கை சொல்வது நியாயம். நான் பெரிய மேடையை நினைத்துக்கொண்டே எழுதிவிட்டேன். 40-ஐத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் மல்டி-எஃபெக்ட்ஸ் விஷயத்தில் என் மனம் மாறவில்லை. ஒளி விளக்குகள் கண்ணில் அடிக்கும்போது, பாடகர் திடீரென்று 'அடுத்த பாட்டை மாத்திக்கலாம்' என்று காதில் சொல்லும்போது, திரையில் பேட்ச் தேடிக்கொண்டிருப்பதைவிடக் குனியாமல் ஒரு பெடலை மிதிப்பது எளிது. எனக்கு ட்யூனர், கம்ப்ரஸர், ப்ரீஆம்ப் ஆகிய மூன்றே போதும். ட்யூனரை மிதித்தால் ஒலி முழுவதும் நின்றுவிடும் என்பதால், பேச்சுகள் நடக்கும்போதும் ஜாக்கைக் கழற்றும்போதும் அது கைகொடுக்கும். கம்ப்ரஸரை நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில், பலமான அடிகளில் மட்டும் மூன்று நான்கு டெசிபெல் குறையும்படி வைத்தால் போதுமானது. எந்நேரமும் அமுக்கிக்கொண்டே இருந்தால் உங்கள் விரலின் பலமும் மென்மையும் ஒன்றாகிவிடும். அதற்குப் பதினோரு ஆண்டு பயிற்சி தேவையில்லையே. கோரஸும் ஆக்டேவும் ஒரு கச்சேரியில் எத்தனை பாட்டுக்கு உண்மையிலேயே வேண்டியிருக்கின்றன என்று ஒரு மாதம் குறித்து வைத்துப் பாருங்கள். நான் அப்படிக் குறித்தபோது இருபத்தைந்து பாட்டில் இரண்டு வந்தது.

மறந்துவிட்டேன்: ப்ரீஆம்பிலோ ஆம்பிலோ ஹை-பாஸ் ஃபில்டர் (ஓர் அளவுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டுவது) இருந்தால் அதை 35, 40 ஹெர்ட்ஸ் அளவில் வையுங்கள். காதுக்கு எட்டாத அந்தக் கீழ் அசைவுகளுக்காக ஸ்பீக்கர் கோனும் வாட்டும் வீணாகாமல், சிறிய ஆம்ப் பெரிய ஆம்ப் போல நிதானமாக ஒலிக்கும்.


காவிரிக்கரை (திருச்சி) எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மிக்ஸர் மேசை ஐயா சொன்னபடி வீட்டில் நின்று திரும்பிப் பார்த்தேன். வடக்குப் பார்த்து நின்றால் ஓசை பாதியாகிறது! பின் பிக்கப்பின் வால்யூமைக் குறைத்து வாசிப்பது என் நெடுநாள் பழக்கம். இரண்டையும் முழுதாகத் திறந்து வைத்தால் ஏறக்குறைய அமைதியாகிவிடுகிறது. இத்தனை ஆண்டுகளாக ஜெனரேட்டரைத் திட்டியிருக்கிறேன்.

ஆம்ப் ரம்பிள் 100 என்று தீர்மானித்துவிட்டேன். பெடல்களுக்கு மின்சாரம் கொடுப்பதில் ஒரு யோசனை. வீட்டில் வைஃபை ரௌட்டருக்காக வாங்கிய சிறிய யு.பி.எஸ். ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் 9 வோல்ட் அவுட் இருக்கிறது. அதை ட்யூனருக்கும் கம்ப்ரஸருக்கும் கொடுத்தால், கரண்ட் போனாலும் பெடல்கள் அணையாது அல்லவா?


ஐந்தாம் தந்தி (கோயம்புத்தூர்) பதில்:

அண்ணா, பொறுங்கள். சொருகிவிடாதீர்கள். இதே யோசனையில் நான் ஒரு கம்ப்ரஸரைப் பறிகொடுத்திருக்கிறேன். பெடல்களுக்கான பிளக்கில் நடுவில் இருப்பது மைனஸ், வெளி வளையம் பிளஸ். ரௌட்டருக்கான பிளக்கில் பெரும்பாலும் நடுவில்தான் பிளஸ். பிளக் அளவு ஒன்றாக இருப்பதால் அழகாகப் பொருந்திவிடும். வோல்ட்டும் 9 என்று இருக்கும். விளக்கு மட்டும் எரியாது. நான் விளக்கு எரியவில்லையே என்று இரண்டு மூன்று முறை எடுத்து எடுத்துச் சொருகினேன். நான்காம் முறை பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது. யு.பி.எஸ்.ஸின் பக்கவாட்டில் சிறிய வட்டப் படம் ஒன்று அச்சிட்டிருக்கும். நடுப்புள்ளியிலிருந்து போகும் கோடு எந்தக் குறியில் முடிகிறது என்று பாருங்கள். மல்டிமீட்டரில் ஒருமுறை அளந்தும் விடுங்கள். அதே பெட்டியில் 12 வோல்ட் அவுட்டும் பக்கத்திலேயே இருக்கும் என்பதால் இருட்டில் மாற்றிச் சொருகிவிடும் ஆபத்தும் உண்டு. கடைகளில் இரு முனையும் மாற்றித் தரும் சிறிய ஒயர் கிடைக்கும். அதைப் போட்டால், அதன் மேல் பளிச்சென்று சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள்.

மில்லிஆம்பியரையும் கூட்டிப் பாருங்கள். ட்யூனரும் அனலாக் கம்ப்ரஸரும் கொஞ்சம்தான் எடுக்கும். பின்னாளில் டிஜிட்டல் பெடல் ஒன்றைச் சேர்த்தால், அது ஒன்றே நூறு, இருநூறு மில்லிஆம்பியர் கேட்கும். அதையும் இவற்றையும் ஒரே ஒயரில் கோத்தால் மெல்லிய விசில் போன்ற ஓசை வரக்கூடும். தனித்தனி அவுட் கொண்ட ஐஸொலேட்டட் சப்ளை வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.


மிக்ஸர் மேசை (மதுரை) பதில்:

கரண்ட் போனால் ஆம்பும் மிக்ஸரும் அணைந்துதான் கிடக்கும் என்பதையும் தம்பி கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பெடல் மட்டும் எரிந்து என்ன பயன்?

ஒயர்களுக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். கிடாரிலிருந்து டி.ஐ. வரை ஆறு மீட்டருக்கு மேல் வேண்டாம். கடையில் பி-38 ஜாக் (கால் அங்குல கிடார் ஜாக்) என்று கேட்டு, மூடியைத் திருகிக் கழற்றக்கூடிய உலோக ஜாக்காக வாங்கினால் சால்டரிங் விட்டுப்போனாலும் நீங்களே பற்றவைத்துக்கொள்ளலாம். டி.ஐ.யிலிருந்து கேனன் ஒயர் எவ்வளவு நீளமானாலும் எனக்குக் கவலையில்லை. ஒன்று உபரியாக எப்போதும் பையில் இருக்கட்டும்.


காவிரிக்கரை (திருச்சி) எழுதியது:

யு.பி.எஸ். யோசனையைக் கைவிட்டேன். படத்தைப் பார்த்தேன், நடுவில் பிளஸ்தான். ஐந்தாம் தந்தி அவர்கள் எழுதியிராவிட்டால் இன்றைக்கு ட்யூனர் போயிருக்கும்.

நேற்று புது ஆம்பில் முதல் கச்சேரி, தில்லைநகரில் ஒரு மண்டபம், நாற்பது நிமிடம் மட்டும். ஸ்கூட்டரின் காலடியில் ஆம்ப், முதுகில் பேஸ், தோளில் சிறிய பை. ப்ரீஆம்புக்கு இப்போதைக்கு பி.டி.ஐ.21, அதுவும் ட்யூனரும் மட்டுமே கொண்டுபோனேன். கம்ப்ரஸர் அடுத்த மாதம். ஒரே ஒரு சங்கடம். மேடை பலகையால் ஆனது, உள்ளே வெற்றிடம். ஆம்பைத் தரையில் வைத்ததும் ஏ தந்தியின் நடுச்சுரங்கள் மட்டும் பானைக்குள்ளிருந்து வருவது போல் 'கும் கும்' என்று எழும்பின. பந்தியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு அதன் மேல் வைத்தேன். கும்மல் போய்விட்டது, ஒலியும் நேரே காதுக்கு வந்தது. ஆனால் ஜி சுரம் வாசிக்கும்போதெல்லாம் நாற்காலிக் கால் தடதடவென்று அடித்துக்கொண்டது. இதற்கு யாராவது மடக்கும் ஸ்டாண்ட் பயன்படுத்துகிறீர்களா?


பழைய தந்தி (சென்னை) பதில்:

ஸ்டாண்ட் வாங்கினால் அதையும் தூக்க வேண்டும், தம்பி. பழைய யோகா பாய் ஒன்றை ஆம்பின் அடி அளவுக்கு இரண்டு துண்டாக வெட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று நாற்காலிக்கும் ஆம்புக்கும் நடுவில், மற்றொன்று நாலாக மடித்து நாற்காலியின் ஆடுகிற காலுக்கு அடியில். ஆம்பை வைப்பதற்கு முன் நாற்காலியைக் கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்து, கால் விரியாததாகத் தேர்ந்தெடுங்கள். மண்டபத்து நாற்காலிகளில் பத்துக்கு இரண்டுதான் அப்படித் தேறும்.